நாக்கை நீட்டச் சொன்ன கடை

தேர்வு வாரத்தின் கடைசி நாள் நண்பகலில், அறுநூறு மாணவர்கள் வேகவைத்த பூசணிக்காய்க்காக வரிசையில் நின்றார்கள். அதில் பாதிப் பேர் நின்றவாக்கிலேயே தூங்கினார்கள். தூங்கியவர்களும் வரிசை நகர்ந்தபோது கண்ணைத் திறக்காமல் ஓரடி எடுத்து வைத்தார்களே தவிர இடத்தை விடவில்லை. சாப்பிட்டு முடித்த தட்டு பளபளத்த பளபளப்பில் ஒருவன் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டான். இப்படித்தான் டைம்கீப்பர் சொல்லிக்கொண்டு திரிகிறார். யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. டைம்கீப்பர் முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்தவர். அந்த இரண்டைத் தவிர உலகத்தில் எதையும் உள்ளபடி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

பூசணிக்காயை வேகவைத்தது அவருடைய அக்கா. பெரிய மருத்துவமனையின் சமையல்கட்டில் முப்பத்தோரு வருடம் வெந்தவள். காய் வெந்ததைவிட அவள் வெந்தது அதிகம். அங்கே எல்லாரும் அவளைப் பத்தியக்கா என்று கூப்பிட்டார்கள். உப்பில்லாதது, இனிப்பில்லாதது, மென்னுணவு, நீருணவு என்று நாலு வகைப் பத்தியம். காலையில் ஐந்நூறு தட்டு, மதியம் ஐந்நூறு, சாயங்காலம் ஐந்நூறு. யார் பெயரும் அவளுக்குத் தெரியாது. படுக்கை எண் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சீட்டைப் பார்ப்பாள், அதில் எழுதியிருப்பதைத் தட்டில் வைப்பாள், அடுத்த படுக்கைக்கு நகர்வாள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு ஜீவனையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அத்தனை பேரும் "வீட்டுக்குப் போகணும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தட்டுகள் பாதி பாதியாகத் திரும்பி வந்தன. முப்பத்தோரு வருடமும் அப்படியே வந்தன. அவள் கைச் சமையலைத் தேடி வந்து சாப்பிட்டவர் என்று ஒருவரும் இல்லை; சாப்பிட்டவர் எல்லாரும் படுத்துக் கிடந்தவர்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தபடி கணவரிடம் சொன்னாள்: "ஏங்க, ஒரே ஒரு தடவை, தன் காலால நடந்து வந்து சாப்பிடுறவங்களுக்கு ஆக்கிப் போடணும். தட்டு காலியாத் திரும்பி வரணும். அதைக் கண்ணால பாத்துட்டு அக்கடான்னு உக்காந்துடறேன்."

"வராது" என்றார் கணவர்.

அவர் கடைத் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்தவர். ஊரில் எடைக்காரர் என்றால் தெரியும். எந்தக் கடைக்காரன் எந்தக் கல்லுக்கு அடியில் எதை ஒட்டியிருப்பான் என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படி நாற்பது வருடம் பார்த்ததில் மூடிய கண் பழையபடி முழுதாகத் திறப்பதில்லை. மற்றவர்கள் "அப்படியா" என்று சொல்லும் இடத்தில் எல்லாம் அவர் "வராது", "இருக்காது", "தேறாது" என்பார். கல்யாணத்தன்று பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கே "பாப்போம்" என்றவர். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கல்லூரி வாசலை ஒட்டி ஒரு பழைய சைக்கிள் கொட்டகை இருந்தது. அதில் முன்பு உருளைக்கிழங்கு பொரிக்கும் இயந்திரம் ஒன்று ஓடியது. அதன் எண்ணெயைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு மாணவர் விடுதியில் பாதி வயிறுகள் பஞ்சராகிக் கிடந்தன. விடுதி வார்டன் பாவம், பாட அறையைவிட மருத்துவ அறையில்தான் அதிகமாக வருகைப் பதிவு எடுத்தார். பத்தியக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரே வந்தார்.

"அம்மா, மாமிசம் வேண்டாம், பால் முட்டை வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வேண்டாம். காய், கீரை, பயறு. ஆனா பசங்க அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டாங்க. சட்டுனு கிடைக்கணும். ஒரு பருவம் நடத்திப் பாருங்க. கடைசி நாளுக்குள்ள ஒரு மதியமாவது நூறு பேர் வந்து சாப்பிடணும். நானே வந்து எண்ணுவேன். இல்லேன்னா காலேஜ் உணவுக் குழு அந்த மெஷினைத் திரும்ப உள்ள விட்டுடும். என்னால தடுக்க முடியாது."

"நூறுதானே" என்றார் டைம்கீப்பர். "நூறு பேரை நான் இருமியே கூட்டிடுவேன்."

"தேறாது" என்றார் எடைக்காரர். ஆனாலும் முதல் நாளே கைச்சட்டையை மடித்துவிட்டுத் தட்டு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மனைவி மேல் உள்ள அன்பா என்று மைத்துனர் கேட்டார்.

"அன்பும் இல்ல ஆட்டுக்குட்டியும் இல்ல, மாப்ளே. முன்னாடி நின்னு நல்லாருக்குன்னு சொல்றவன் எல்லாம் பொய் சொல்லுவான். தட்டு பொய் சொல்லாது. கழுவுறவனுக்குத்தான் உண்மை தெரியும்."

தொட்டிக்கு அருகே ஒரு தராசையும் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது, தட்டுகளில் மிஞ்சியதைக் கொட்டிய மிச்ச வாளியைத் தூக்கி அதில் வைத்து, முள் நிற்கும் வரை பார்த்து, மனைவியிடம் அறிவிப்பார்: "மூணு கிலோ நானூறு." வேறு ஒரு வார்த்தை இருக்காது. மருத்துவமனையில்கூட யாரும் அவளிடம் இப்படி எடை போட்டுச் சொன்னதில்லை.

சமையலில் குறை இல்லை. பூசணித் துண்டுகளை அடுப்பில் சுட்டு எடுத்தால் ஓரம் கருத்து உள்ளே தேன் மாதிரி இளகும். கொண்டைக்கடலையை மசித்து, வறுத்த எள்ளை அரைத்துச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து வைப்பாள். பயறு உருண்டையை எண்ணெயில் போடாமல் தட்டில் அடுக்கிச் சுடுவாள். அந்த வாசனைக்குச் சுவரில் இருந்த பல்லி சைவத்துக்கு மாறிவிட்டது என்று டைம்கீப்பர் சத்தியம் செய்தார்.

கெடுத்தது டைம்கீப்பரின் பலகை. விரைவு உணவுக் கடை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கோ பார்த்துவிட்டு வந்து, ஆளுயரத்துக்கு ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார். ரொட்டி, சோறு என்று அடித்தளம் மூன்று வகை, பயறு ஐந்து வகை, காய் எட்டு, சாறு ஆறு, மேலே தூவ நாலு. எல்லாம் பெருக்கினால் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது விதமான சாப்பாடு வரும் என்று கணக்குப் போட்டுப் பலகையின் அடியில் பெருமையாக எழுதியும் வைத்தார். பேருந்து நிலையத்தில்கூட அத்தனை தடங்கள் கிடையாது.

ஒரு மாணவன் வருவான். பலகையைப் பார்ப்பான். வாய் மெதுவாகத் திறக்கும்.

"அண்ணே, சாப்பிட ஏதாவது?"

"ஏதாவதுன்னு பலகையில இல்ல தம்பி. அடித்தளம் என்ன?"

"அது... ரொட்டி."

"முழுக்கோதுமையா, சிறுதானியமா?"

"எது நல்லாருக்கும்?"

"அது உன் விருப்பம். உன் தட்டு, உன் விருப்பம், மேல பெரிசா எழுதியிருக்கு பாரு. சரி, பயறு?"

"அண்ணே, பரீட்சை அடுத்த மாசம்தானே?" என்று சொல்லிவிட்டு அவன் போய்விடுவான். போகிறவன் முதுகைப் பார்த்தபடி டைம்கீப்பர் கைக்கடிகாரத்தை அழுத்தி, "தொண்ணூறு வினாடிக்குள்ள முடிச்சிருக்கணும், வீணாப் போச்சு" என்று முணுமுணுப்பார்.

ஒரு நாளைக்குப் பதினாலு பேர். மழை பெய்தால் ஒதுங்க வந்தவர்களையும் சேர்த்துப் பதினெட்டு. அவர்களிலும் பலர் தப்புத் தப்பாகத் தேர்ந்தெடுத்து, பாகற்காயின் மேல் பேரீச்சைச் சாறை ஊற்றிக்கொண்டு, தங்களைத் தாங்களே தண்டித்த முகத்தோடு பாதியில் எழுந்து போனார்கள். இரண்டு கிலோ எண்ணூறு. மூன்று கிலோ நூறு. மூன்று கிலோ அறுநூறு.

பருவம் முழுக்க இப்படியே போயிற்று. பத்தியக்காவின் முழங்கால் இரண்டும் வீங்கி, அவள் தரையைத் துடைக்கக் குனிந்தால் நிமிர்வதற்குள் தரை மறுபடியும் அழுக்காகிவிடும். சாயங்காலங்களில் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும், ஆனால் யார் முதலில் எழுவது என்பதில் ஒரு மணி நேரம் கழியும். நாற்காலிகளே களைத்துப்போய்க் காலை அகட்டி நின்றன.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வார்டன் வாசலில் தலையைக் காட்டுவார். எடைக்காரர் கழுவுகிற கையை நிறுத்தாமல் சொல்வார்: "தேறாது சார். அந்த மெஷின்காரனுக்கே சொல்லி அனுப்புங்க."

"என்னங்க நீங்களே இப்படிச் சொன்னா?" என்பாள் பத்தியக்கா.

"நான் சொல்லல. வாளி சொல்லுது."

வாளி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

தேர்வு வாரம் வந்தது. புதன்கிழமை காலையில் டைம்கீப்பர் வாயைத் திறந்தார். காற்று வந்தது, குரல் வரவில்லை. பருவம் முழுவதும் ஆளுக்கு ஐந்து கேள்வி கேட்டதில் தொண்டை முழு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. அறுபத்திரண்டு வருடத்தில் அவர் வாய் ஓய்ந்தது அன்றுதான். எடைக்காரர் அதை நம்பாமல் ஒரு முறை கிள்ளிப் பார்த்தார்.

வேறு வழியில்லை. பத்தியக்கா அடுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

முதலில் வந்தவள் ஒரு பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம் ஒவ்வொன்றும் பேருந்துச் சக்கரம் அளவு. எழுதி எழுதி விரலெல்லாம் நீலம். பலகையை அண்ணாந்து பார்த்தாள். அவள் தலை அப்படியே பின்னால் சாய்ந்து நின்றுவிட்டது.

பத்தியக்காவுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அடித்தளமா, சாறா, எது முதலில்? முந்தின நாள் அவளும் தூங்கவில்லை. முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் கை தானாக முன்னால் நீண்டு, கட்டில் கால்மாட்டுச் சீட்டைத் தேடியது. காற்றுதான் அகப்பட்டது. சீட்டு இல்லாத நோயாளிக்கு மருத்துவர் வரும்வரை என்ன செய்வார்களோ அதைச் செய்தாள்.

"நாக்கை நீட்டு."

"என்னது ஆன்ட்டி?"

"நாக்கு."

அந்தப் பெண் நீட்டினாள்.

"எப்ப தூங்கின?"

"திங்கக்கிழமை."

"கடைசியா என்ன சாப்பிட்ட?"

"காபி."

"அது சாப்பாடு இல்ல."

"பிஸ்கட் தொட்டுக்கிட்டேன் ஆன்ட்டி."

பத்தியக்கா திரும்பி, பூசணிக்காயை மசித்து, பயற்றுக் கஞ்சி ஒரு கிண்ணம் வைத்து, எள் மசியலை ஓரத்தில் தடவி, தட்டை நீட்டினாள். "மென்னுணவு. மெதுவாச் சாப்பிடு. போய் உக்காரு." அப்புறம் தலையைத் தூக்காமலே, "அடுத்த படுக்கை" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"டேய், படுக்கைன்னாங்கடா" என்றான் பின்னால் நின்ற ஒருவன், கண்ணை மூடியபடி. "கேக்கவே சுகமா இருக்கு."

அவனே முன்னால் வந்து, கேட்காமலே நாக்கை நீட்டினான்.

அன்று நாற்பத்தாறு பேர். மறுநாள் எழுபத்தொன்பது. காரணம் கேட்டதற்கு ஒரு மாணவன் வாயில் ரொட்டியோடு விளக்கினான்: "காலைல மூணு மணி நேரம் அ, ஆ, இ, ஈன்னு நாலுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக்கிட்டே இருக்கோம் ஆன்ட்டி. மதியம் சாப்பாட்டுக்கு வந்தா இங்க அந்த அண்ணன் இருபத்தாறு கொடுத்தாரு. நீங்கதான் ஒண்ணும் கேக்கல. நீங்க வைக்கிறீங்க, நாங்க தின்னுறோம்."

டைம்கீப்பர் அடுப்படியிலிருந்து ஆவேசமாகக் கைகளை ஆட்டினார். குரல் இல்லாததால் அது கொசு விரட்டுவது போலிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் எடைக்காரர் வாளியைத் தராசில் வைத்தார். நானூறு கிராம். "பரீட்சை பயத்துல விழுங்கியிருப்பாங்க" என்றார். "நாளைக்கு நூறு வராது."

வெள்ளிக்கிழமை. பருவத்தின் கடைசி நாள். காலையிலேயே வாசலுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் உருளைக்கிழங்கு இயந்திரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வந்து நின்றது. அதன் சொந்தக்காரர் கொட்டகையின் கதவு அகலத்தை நாடாவால் அளந்துவிட்டுப் போனார். பத்தியக்கா அதைப் பார்த்தாள். நூறு பேர் வராவிட்டால், நாளைக்கு இதே இடத்தில் எண்ணெய் கொதிக்கும். அவளுக்கு இன்னொரு கடை போடத் தெம்பில்லை. இன்னொரு பருவம் நிற்க முழங்காலும் சம்மதிக்காது.

பதினொன்றேமுக்காலுக்கு வார்டன் வந்தார். கையில் தாளும் பேனாவும். ஆனால் அவரும் ஐந்து நாளாகத் தேர்வு அறைகளில் நடந்துகொண்டே இருந்தவர். நடை, நனைந்த தாள் மாதிரி அங்குமிங்கும் மடங்கியது.

"நான் சாப்பிட வரலம்மா. எண்ண வந்தேன்."

"நாக்கை நீட்டுங்க சார்."

"அம்மா, நான் குழுவோட..."

"நாக்கு."

ஐம்பது வயது ஆண்மகன், கல்லூரியே நடுங்கும் வார்டன், நாக்கை நீட்டினார்.

"உங்களுக்கு உப்புக் குறைச்சு. மென்னுணவு. அந்த மூலை மேசை. அடுத்த படுக்கை."

வார்டன் மூலை மேசையில் உட்கார்ந்து, தாளை விரித்து, முதல் கோட்டைப் போட்டு, ஒரு கரண்டி கஞ்சியை வாயில் வைத்தார். கிண்ணம் காலியானது. தட்டு காலியானது. பேனா மெதுவாகச் சாய்ந்தது. அடுத்த நிமிடம் அவர் கன்னம் தாளின் மேல் இருந்தது.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. தேர்வு முடிந்த மணி அடித்துவிட்டிருந்தது.

வந்தார்கள். பையைத் தரையில் இழுத்துக்கொண்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார்கள். வரிசை கொட்டகையைத் தாண்டி, தார்ப்பாய் போர்த்திய வண்டியைச் சுற்றி வளைந்து போயிற்று. பத்தியக்காவுக்கு முகங்கள் தெரியவில்லை. நாக்குகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. வெள்ளை படிந்தது, காய்ந்தது, மிட்டாய் சாப்பிட்டுப் பச்சையாய்ப் போனது. "உனக்கு நீருணவு, அப்புறம் வந்து ரொட்டி வாங்கிக்க. நீ நல்லாத்தான் இருக்க, ரெண்டு உருண்டை எடுத்துக்க. உனக்குக் காதல் தோல்வி, அதுக்கு என்கிட்ட பத்தியம் இல்ல, பூசணிக்காய் சாப்பிடு."

கடையில் மொத்தம் நாற்பது தட்டுகள்தான். நாற்பத்தோராவது ஆளுக்குத் தட்டு வேண்டும் என்றால் தொட்டியிலிருந்து வர வேண்டும். தொட்டியில் நின்றவர் எடைக்காரர்.

"ஏங்க, தட்டு."

"வருது."

"ஏங்க."

"வருதுன்னேன்ல? எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

பத்துக் கைதான் இருந்தது. அறுபத்தெட்டு வயதில் அந்த மனிதர் கழுவிய வேகத்தில் குழாய்த் தண்ணீருக்கு மூச்சு வாங்கியது. சட்டை நனைந்து, கண்ணாடி நனைந்து, மூடிய கண் திறந்த கண் இரண்டிலும் சோப்புப் போயிற்று. இந்தக் கடை தேறாது என்று பருவம் முழுவதும் சொன்னவர், அன்று ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும், சொன்னது பலித்திருக்கும். நிற்கவில்லை. வாய் மட்டும் "தேறாது, தேறாது" என்றபடி இருந்தது. ஒவ்வொரு தேறாதுக்கும் ஒரு தட்டு வெளியே வந்தது.

இரண்டேகால் மணிக்குச் சட்டென்று எல்லாம் நின்றது. கடைசி மாணவன் தட்டை வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தூங்கப் போனான். அடுப்பில் ஒன்றுமில்லை. பத்தியக்கா அரிசி மூட்டை மாதிரி நாற்காலியில் விழுந்தாள்.

அந்த அமைதியில்தான் வார்டன் விழித்தார். கன்னத்தில் தாளின் கோடு. சுற்றிலும் காலி மேசைகள். வெளியே வண்டி, தார்ப்பாய், அதன் பக்கத்தில் சொந்தக்காரர். தாளில் ஒரே ஒரு கோடு. அது அவருக்கு அவரே போட்டுக்கொண்டது.

"ஐயய்யோ" என்றார். "மூணு மணிக்குக் குழு கூடுது. எத்தனை பேர் வந்தாங்க? நான் பாக்கலியே. பாக்காததை எப்படி எழுதுவேன்? அம்மா, நீங்க சொல்லுங்க."

"நாக்கைத்தான் சார் பாத்தேன்" என்றாள் பத்தியக்கா. பொய் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "எண்ணல."

டைம்கீப்பர் ஓடி வந்து ஆறு விரல்களைக் காட்டி, காற்றில் இரண்டு பெரிய பூஜ்யம் போட்டார்.

"உங்களை நாலு மாசமா எனக்குத் தெரியும்" என்றார் வார்டன். அவர் பார்வை மெல்லத் தொட்டிப் பக்கம் போயிற்று. இந்தக் கடைக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லாத ஒரே மனிதர் அங்கே ஈரத்தில் நின்றுகொண்டிருந்தார். "சார், நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் எழுதிடறேன்."

பத்தியக்கா கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பது போலாகிவிடும். மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடைக்காரர் கையை விரல் விரலாகத் துடைத்தார். மிச்ச வாளியைத் தூக்கித் தராசில் வைத்தார். முள் வாளியின் எடையைக் காட்டி நின்றது. அதற்கு மேல் ஒரு கோடுகூடப் போகவில்லை. தராசைத் தட்டினார். வாளியை இறக்கிவிட்டு, இரண்டு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தார். சரியாக இரண்டு கிலோ. வாளியை மறுபடி வைத்தார். குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, அப்புறம் அந்தக் கண்ணையும் திறந்து, வாளிக்குள்ளே பார்த்தார்.

"தட்டு நூத்தி நாப்பத்து மூணு கழுவினேன்" என்றார். "தட்டு கைக்கு வர்றப்பவே எண்ணினேன். ஒரே ஆள் ரெண்டு தடவை வாங்கினது பதினொண்ணு, அதைக் கழிச்சுடுங்க. நூத்தி முப்பத்திரண்டு. மாப்ள காட்டுறது பொய், அதை எழுதாதீங்க. நின்னுக்கிட்டே தூங்கினது ரெண்டே பேரு."

வார்டன் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார். எடைக்காரர் அதை முழுவதும் ஒரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, மனைவியின் முன்னால் மேசைமேல் வைத்து, உள்ளே தெரியும்படி அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"இந்தா, நீயே பாத்துக்க" என்றார். "காலியாத்தான் வந்துச்சு. அத்தனையும். நீ சொன்னது நடந்துச்சு."